நாற்றைக் காக்கும் பச்சைப் பூசணம்

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றங்கால்களை அதிகம் அழிப்பது நாற்றழுகல் நோய். முளைத்து இரண்டு இலை விட்ட நிலையில், மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதி நீர் கோத்து, நூலாக இளைத்து, நாற்று சாய்ந்துவிடும். இலை பச்சையாகவே இருக்கும். தண்டின் அடி மட்டும் அழுகியிருக்கும். முதல் நாள் பாத்தியின் ஓரிடத்தில் தெரியும் சாய்வு அடுத்த நாட்களில் வட்டமாக விரியும். முளைக்கு முன்பே, மண்ணுக்குள்ளேயே விதை அழுகிப்போவதும் உண்டு. அப்போது நோய் கண்ணில் படாததால் விதை மட்டமானது என்று விற்றவர் மேல் பழி விழுகிறது.

இந்நோயை உண்டாக்குபவை பித்தியம், ரைசோக்டோனியா, ஸ்கிளிரோசியம் ஆகிய மண்வாழ் உயிர்கள். பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. நெருக்கி விதைத்து, தண்ணீர் தேங்க விட்ட பாத்தியில் நோய் ஒரே இரவில் பரவுவது இதனால்தான். பயறு வகைகளிலும் நிலக்கடலையிலும் வரும் வேரழுகலுக்கு மேக்ரோபோமினா என்னும் வேறொரு பூசணம் காரணம். இவை யாவும் பயிர் இல்லாத காலத்திலும் மண்ணிலும் மட்கும் குப்பையிலும் உயிரோடு காத்திருப்பவை. நாற்றின் மேல் தெளிக்கும் மருந்து அவற்றை முழுமையாக எட்டுவதில்லை. அதே மண்ணில் வாழ்ந்து அங்கேயே அவற்றை எதிர்க்கும் உயிர் ஒன்று தேவைப்படுகிறது. டிரைக்கோடெர்மா என்னும் பூசணம் அத்தகைய உயிர்.

டிரைக்கோடெர்மா புதிய கண்டுபிடிப்பு அன்று. 1794இலேயே பெர்சூன் என்ற பூசணவியலாளர் இப்பேரினத்துக்குப் பெயரிட்டுவிட்டார். உலகின் பெரும்பாலான மண்ணிலும், மட்கும் மரத்திலும் இது உண்டு. வெண்ணிறப் பஞ்சாகத் தொடங்கி, வித்துகள் முதிர்ந்ததும் கரும்பச்சையாகிவிடும். சில வகைகளை வளர்த்த கண்ணாடித் தட்டைத் திறந்தால் தேங்காய் மணம் வீசும். அந்த மணத்தைத் தரும் பைரோன் வகைச் சேர்மத்துக்கு மற்றப் பூசணங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றலும் உண்டு.

நோய்ப் பூசணங்களை இது தாக்கி உண்கிறது என்பதை 1932இல் ரிச்சர்ட் வெய்ண்ட்லிங் விளக்கினார். கலிஃபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு இன நாற்றுகளை அழித்துவந்த ரைசோக்டோனியாவை ஆராய்ந்தபோது அவர் கண்டது அது. நாற்றங்கால் மண்ணை அமிலத்தன்மையாக்கினால் டிரைக்கோடெர்மா வலுப்பெற்று நோய் குறைவதையும் பின்னர் ஃபாசெட் என்பவருடன் சேர்ந்து காட்டினார். நோய்ப் பூசணத்தைக் கொல்லும் நஞ்சு ஒன்றை அது சுரப்பதையும் அவர் கண்டார். கிளியோடாக்சின் என்ற பெயரில் இன்று அறியப்படும் பொருள் அது. ஆனால் அடுத்த சில பத்தாண்டுகள் வேதிப் பூசணக்கொல்லிகளின் காலமாக அமைந்ததால், அவருடைய கண்டுபிடிப்பு வயலுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

டிரைக்கோடெர்மா ஒரே வழியில் வேலை செய்வதில்லை. வேகமாக வளர்வது அதன் முதல் பலம். ஏற்ற வெப்பநிலையில், ஆய்வகத் தட்டு முழுவதையும் மூன்று நான்கு நாட்களில் மூடிவிடும். விதையும் இளவேரும் கசியவிடும் சர்க்கரையை நோய்ப் பூசணத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு, வேரின் மேற்பரப்பில் இடத்தையும் பிடித்துவிடும். வேரின் வெளி அடுக்குகளுக்குள் சற்றே நுழைந்து தங்கும் வகைகளும் உண்டு. அந்நியர் நுழைந்ததை உணரும் செடி தன் தற்காப்பைத் தூண்டிக்கொள்கிறது. அதன் பயன் இலை வரை தெரிவதுண்டு.

எல்லாவற்றிலும் வியப்பானது அது எதிரியைச் சுற்றிப் பிடிக்கும் முறை. ஒரே தட்டில் ஒரு பக்கம் ரைசோக்டோனியாவையும் மறுபக்கம் டிரைக்கோடெர்மாவையும் வைத்து வளர்த்தால், சில நாட்களில் இரண்டும் நடுவில் சந்திக்கும். அந்த எல்லைக்கோட்டை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். டிரைக்கோடெர்மாவின் மெல்லிய இழை, தன்னைவிடத் தடித்த எதிரி இழையை நோக்கித் திரும்பி வளர்கிறது. தொட்டதும், பாகல் கொடியின் பற்றுச்சுருள் பந்தல் கம்பியைச் சுற்றுவதுபோல வளைவு வளைவாகச் சுற்றிக்கொள்கிறது. பின் ஒட்டிய இடங்களில் கொக்கி போன்ற உறுப்புகளை உண்டாக்கி, எதிரியின் செல்சுவரை ஆக்கும் கைட்டினையும் குளுக்கனையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அச்சுவரில் துளையிட்டு உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. சுற்றிய இழையை நீக்கிப் பார்த்தால் எதிரி இழையில் அந்தத் துளைகளும் பள்ளங்களும் வரிசையாகத் தெரியும்.

எதிரி அருகில் இருப்பது அதற்கு எப்படித் தெரிகிறது? தொடுவதற்கு முன்பே சிறிதளவு நொதி மண்ணில் பரவுகிறது. அந்த நொதி எதிரியின் சுவரைச் சிறிது கரைக்க, விடுபடும் சர்க்கரைத் துணுக்குகள் டிரைக்கோடெர்மாவை எட்டி மேலும் நொதி சுரக்கத் தூண்டுகின்றன. தொட்ட பின் சுற்றத் தூண்டுவது எது என்பதற்கு இஸ்ரேலின் ஜேக்கப் இன்பார், இலான் செட் ஆகியோர் 1992இல் செய்த சோதனை விடை தருகிறது. அவர்கள் எதிரிப் பூசணத்தையே விலக்கிவிட்டு, வெறும் நைலான் இழைகளை வைத்தார்கள். எதிரியின் மேற்பரப்பில் இருப்பதைப் போன்ற லெக்டின் என்னும் புரதத்தைப் பூசிய நைலானை டிரைக்கோடெர்மா சுற்றிக்கொண்டது. பூசாத நைலானைச் சுற்றவில்லை. நைலானில் உண்பதற்கு ஒன்றுமில்லை. புரதத்தின் அடையாளம் கிடைத்ததே சுற்றுவதற்குப் போதுமானதாக இருந்தது. மூளையும் நரம்பும் இல்லாத ஓர் இழைக்கு இத்தனை நுட்பமான தொடுவுணர்வு இருப்பது மண்ணுயிர்கள்மேல் மதிப்பை வளர்க்கிறது.

தமிழ்நாட்டில் இதன் பயன்பாட்டை விரிவாக்கியதில் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. கரும்பாலையின் கழிவுப்பாகில் ஈஸ்ட் சேர்த்துப் பூசணத்தை வளர்த்து, டால்க் தூளில் கலந்து பொட்டலமாக்கும் எளிய முறை அங்கே உருவானது. இதனால் பூசணம் விதைமேல் பூசக்கூடிய தூளாயிற்று. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை. விதையை அரிசிக் கஞ்சியில் லேசாக நனைத்து, தூளைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். ரைசோபியம் போன்ற உயிர் உரம் இடுவதானால் டிரைக்கோடெர்மாவுக்குப் பின் இடலாம், இரண்டும் ஒத்துப்போகும். வயலில் இடுவதற்கு, ஓர் எக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ மட்கிய தொழு உரத்துடன் கலக்க வேண்டும்.

தொழு உரத்தோடு கலப்பதில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. டிரைக்கோடெர்மா மட்கும் பொருளை உண்டு வாழ்வது. அங்கக உரம் இல்லாத வெற்று மண்ணில் இட்டால் அது நீடிக்காது. ஈரமான தொழு உரத்தில் கலந்து, நிழலில் சாக்கு மூடி, ஒரு வாரத்துக்கு மேல் அவ்வப்போது கிளறிவிட்டால் பெருகிவிடும். அதை நாற்றங்கால் பாத்தியில் இட்டால் கொடுத்த பணம் பலமடங்காகத் திரும்பும்.

பயன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் கையாளும் முறையால்தான். பொட்டலத்துக்குள் இருப்பது உயிர். வெயில் படும் கடை முகப்பில், தகரக் கூரையின் கீழ், உர மூட்டைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் டால்க் தூள் மட்டுமே மிஞ்சும். டால்க் கலவை சுமார் நான்கு மாதம்தான் தாங்கும். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள அலகுகள் இருக்க வேண்டும் என்பது அரசு வகுத்த தரம். விற்பவர் சொல்லாவிட்டாலும் தயாரித்த தேதியை வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு பிழை, கார்பன்டாசிம் என்னும் பூசணக்கொல்லி பூசிய விதையின் மேல் இதையும் பூசுவது. கார்பன்டாசிம் டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதைகள் பல, பூசணக்கொல்லி பூசி நிறமேற்றியே வருகின்றன. அவற்றுக்கு விதை நேர்த்தியைத் தவிர்த்து, பாத்தி மண்ணிலோ குழித்தட்டின் தென்னை நார்க்கழிவிலோ பூசணத்தைக் கலப்பது மேல்.

காளான் வளர்ப்போர் இதை அணுகக் கூடாது. காளானும் பூசணமே என்பதால் டிரைக்கோடெர்மா அதையும் விடாது; காளான் படுக்கையில் தோன்றும் பச்சைப் பூசணத்தால் விளைச்சல் அழிந்தவர்கள் பலர். நாற்றங்காலும் காளான் குடிலும் ஒரே தோட்டத்தில் இருந்தால், இரண்டுக்கும் தனிக் கருவிகள் வைத்துக்கொண்டு கையைக் கழுவிய பின்பே குடிலுக்குள் நுழைய வேண்டும்.

அழுகல் தொடங்கிய பின் இட்டால் சாய்ந்த நாற்று நிமிராது. விதைப்பதற்கு முன்போ விதைக்கும்போதோ இட வேண்டும். அதோடு பாத்தியை மேடாக்கி, விதையை இடைவெளி விட்டுத் தூவி, தண்ணீரை அளவாக விட வேண்டும். இவற்றைச் செய்யும் நாற்றங்காலில் பூசணக்கொல்லியின் தேவை பெரிதும் குறையும்.