ஊத மாட்டேன் என்பவரின் வரவு செலவு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, குடித்துவிட்டு ஓட்டியவருக்கு முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மறுமுறை 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை சிறை. 2019 திருத்தத்துக்கு முன் முதல் முறைக்கு 2,000 ரூபாயைத் தாண்டாது. இந்தப் பட்டியலில் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத மறுப்பதற்கென்று தனித் தொகை எதுவும் இல்லை. "ஊதலேன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்ற சட்ட ஆலோசனை பார்களில் இலவசமாகக் கிடைப்பது அதனால்தான். அதன் அசல் விலை என்ன?

வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் 61 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் இது தோராயமாக 130-க்குக் கொண்டுபோய் விடும். அதில் பாதியான கட்டிங் என்றால் 65. 60 மில்லி பெக் ஒன்றே 43, அதுவும் வரம்புக்கு மேல்தான்.

உடல் மணிக்கு 15 மில்லிகிராம் அளவுக்குக் குறைக்கும். மறுத்து மறுத்து நேரத்தைக் கடத்தினால் இறங்கிவிடும் என்பது மறுப்பவரின் கணக்கு. குவார்ட்டர்காரர் 30-க்கு இறங்க ஆறரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும்; கட்டிங்காரருக்கு இரண்டேகால் மணிக்கு மேல். அதுவும் குடித்தது முழுக்க ரத்தத்தில் ஏறி முடிந்த பிறகு. கடையிலிருந்து நேராக வண்டியை எடுத்தவருக்கு முதல் அரை மணி, ஒரு மணி வரை அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கும். அவர் வாக்குவாதம் செய்யச் செய்ய எண் கூடும்!

மறுத்தவரிடம் குடித்த அறிகுறி இருப்பதாகக் காவலர் நியாயமாகச் சந்தேகித்தால், வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம் (பிரிவு 203). ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்பு தர வேண்டும். அங்கும் மறுத்தால் 204-இன்படி மருத்துவர் மூலம் ரத்தம் கேட்கலாம். அதற்கும் தலையாட்டாதவருக்கு 205 காத்திருக்கிறது: தகுந்த காரணம் காட்டாத மறுப்பை, அரசுத் தரப்பு சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். லைசென்ஸைக் கைப்பற்றி ரத்து நடவடிக்கைக்கு அனுப்ப 206 இடம் தருகிறது.

ஓட்டுநர் பக்கத்திலும் வரவு உண்டு. கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு. சோதனைக்குச் சொல்பவர் சீருடையில் இருக்கும் காவலராகவோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலராகவோ இருக்க வேண்டும். சந்தேகத்துக்கு நியாயமான காரணம் வேண்டும். மருத்துவமனையில் உள்நோயாளியாக இருப்பவரை இதற்காகக் கைது செய்ய முடியாது. பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கனமான எண் 202-இல் இருக்கிறது: 185-ஆம் பிரிவுக் குற்றம் தம் கண்முன் நடந்ததற்காகக் காவலர் கைது செய்தவருக்கு 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும். விடுதலை என்பது காவலிலிருந்துதான், வழக்கிலிருந்து அல்ல.

சோதனையே நடக்காவிட்டால்? 1971-இல் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில், வாய் நாற்றமும் தள்ளாட்டமும் மட்டும் குடித்ததை நிரூபிக்காது என்றது உச்ச நீதிமன்றம். பார் ஆலோசகர்கள் நம்புவது இந்த ஐம்பதாண்டுப் பழைய வரவை. 2021-இல் இஃப்கோ டோக்கியோ காப்பீட்டு நிறுவனத்துக்கும் பேர்ல் பெவரேஜஸுக்கும் நடந்த வழக்கு வேறு மாதிரி முடிந்தது. 2007 டிசம்பரில் டெல்லியில் ஒரு போர்ஷே கார் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவருக்கு மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. ஆனாலும் மற்ற ஆதாரங்களைக் கொண்டு போதையைக் காப்பீட்டு நிறுவனம் நிறுவலாம் என்று தீர்ப்பு வந்தது. காருக்கான இழப்பீடு கிடைக்கவில்லை.