சிறைக்கு விலை போட்ட சித்திரக்கதைகள்

மூன்று காமிக்ஸ் இதழ்கள்
கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள், அமெரிக்கா, 2005

இவை கடையில் விற்பதற்காக வந்த இதழ்கள் அல்ல. லோயிஸ் ஆரன்ஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய ‘சிறைகளின் உண்மை விலை’ என்ற திட்டம் இவற்றை அச்சிட்டது. கைதிகள், அவர்களின் குடும்பத்தினர், சிறைச் சீர்திருத்தம் கோரிய அமைப்புகள் எனப் பலருக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இலவசமாகச் சென்றன. அமெரிக்கச் சிறைகளில் அப்போது 20 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர்.

கெவின் பைல் வரைந்த இதழ், வேலை கிடைக்கும் என்று நம்பிச் சிறைச்சாலைக்கு இடம் கொடுத்த சிற்றூர்களைப் பற்றியது. சப்ரினா ஜோன்ஸின் இதழ் போதைப்பொருள் சட்டங்களை எடுத்துக்கொள்கிறது. பிடிபட்ட போதைப்பொருளின் எடைக்கு ஏற்ப இத்தனை ஆண்டு என்று சட்டமே விதித்துவிட்டால், எதிரே நிற்பவரின் கதையைக் கேட்டு நீதிபதி தண்டனையைக் குறைக்க வழியில்லை. அந்தக் கதையைத்தான் சித்திரக் கட்டங்கள் சொல்கின்றன. மூன்றாவது, சூசன் வில்மார்த் வரைந்தது. மூன்றிலும் மனத்தை அதிகம் உலுக்குவது இதுவே. சிறைப்பட்ட பெண்களும் வெளியே தனித்து விடப்பட்ட அவர்களின் பிள்ளைகளும் இதில் வருகிறார்கள்.

புள்ளிவிவரங்களோடு, சிறைக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதும் இவற்றில் பேசப்படுகிறது: போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை, வீட்டு வசதி, கல்வி.

2008-இல் மூன்று இதழ்களும் ஒரே நூலாக வெளிவந்தன.