வயிற்றுப் பிள்ளைக்கு இரண்டு கணக்கு

அமெரிக்கா! வானளாவும் மாளிகைகள், வகை வகையான வண்டிகள், வாரி இறைக்க டாலர்! அந்தச் செல்வச் சீமையிலே ஓர் ஏழைப்பெண் கருவுற்றால் அவள் கதி என்ன? எண்ணிப் பார்த்ததுண்டா?

உணவு விடுதியில் தட்டு ஏந்தும் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு கிடையாது. மூன்றாம் மாதம். அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையின் கதவைத் தட்டுகிறாள்.

"சேரும் பருவம் முடிந்துவிட்டது, அம்மணி! இடையில் சேர, வாழ்க்கையில் மாறுதல் ஏற்பட்டிருக்க வேண்டும்."

"கருவுற்றிருக்கிறேனே, ஐயா!"

"அது மாறுதல் அல்ல. பிள்ளை பிறக்கட்டும், பிறகு வாருங்கள்!"

உரையாடல் என் கற்பனை; விதி கற்பனையல்ல. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் நீங்கலாக இதுதான் நடைமுறை. வேலையோடு காப்பீடு போனால் மாறுதல். வயிற்றில் ஓர் உயிர் வளர்வது மட்டும் மாறுதல் அல்லவாம்! 2014-க்கு முன்போ, கர்ப்பத்தை 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று எழுதி விரட்டின கம்பெனிகள். அந்தக் கொடுமையாவது ஒழிந்தது.

அதே பெண் அடுத்த கதவுக்குப் போகட்டும். மெடிகெய்ட்! 1965-இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த, ஏழையர்க்கான மருத்துவத் திட்டம். ஆண்டு முழுதும் மனு வாங்குகிறார்கள். குடும்பத்தில் எத்தனை தலை என்று பார்த்தே வருமான வரம்பைக் கணக்கிடுகிறார்கள். அங்கே வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு தலை! இரட்டையா? இரண்டு தலை! ஒரே நாடு, ஒரே வயிறு. ஓரிடத்தில் எண்ணிக்கை உண்டு, ஓரிடத்தில் இல்லை.

வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள கர்ப்பிணியை எந்த மாநிலமும் வருமானத்தைக் காட்டி மறுக்க முடியாது. பல மாநிலங்கள் 200-ஐயும் தாண்டி இடம் தருகின்றன. மனுவுக்குப் பதில் சொல்ல 45 நாள் அவகாசம். அதுவரை கரு காத்திருக்குமா? பல மாநிலங்களில் மருத்துவ நிலையத்திலேயே அவள் சொல்லும் வருமானத்தை நம்பித் தற்காலிக உரிமை தருகிறார்கள். அன்றே சோதனை தொடங்கலாம். ஆனால், முழு மனுவை அடுத்த மாத முடிவுக்குள் போட்டாக வேண்டும். மறந்தால் பேறுகாலச் செலவு அவள் தலையில்!

முன்பெல்லாம் பேறு முடிந்து 60 நாள், அந்த மாதக் கடைசியோடு பல தாய்மாரைக் கைகழுவி வந்தார்கள். அதன் பிறகு இரத்தக்கொதிப்பு வந்தால் அவள் பாடு! 2021-இல் வந்த சட்டம், 12 மாதம் வரை நீட்டிக்க வழி திறந்தது. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. நல்ல செயல், காலங்கடந்த நல்ல செயல்.

சரி, வரம்பைச் சில டாலர் தாண்டிச் சம்பாதிப்பவள்? அவளுக்கு மீண்டும் அந்த முதல் கதவுதான். மார்ச்சில் கருவுற்றவள் நவம்பர் 1 வரை காத்திருந்து மனுப் போட்டாலும், காப்பீடு தொடங்குவது சனவரி 1-இல். சோதனைக்கெல்லாம் கைப்பணம். பிள்ளை டிசம்பரிலேயே பிறந்துவிடும். அப்போது அதே அலுவலகம் சொல்லும்: "மாறுதல் நடந்துவிட்டது, அம்மணி, இனி வரலாம்!"