தங்கவயல் மைதானங்களும் ஹாக்கி ரசிகர்களின் கோபமும்

புது தில்லி: இந்திய ஹாக்கி அணி தோற்கும்போதெல்லாம் ரசிகர்களின் கோபம் தலைநகர் தில்லியை நோக்கித் திரும்புவது வழக்கம். பயிற்சியாளரை மாற்ற வேண்டும், நிர்வாகிகள் விலக வேண்டும், மூத்த வீரர்களுக்கு ஓய்வளிக்க வேண்டும் என்ற கோரிக்கைகள் எழும். 2025 ஜூனில் ஐரோப்பாவில் நடைபெற்ற புரோ லீக் போட்டிகளில் ஆடவர் அணி தொடர்ந்து 7 ஆட்டங்களில் தோற்றபோதும் இதே குரல்கள் ஒலித்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ராஜ்கிரில் ஆசியக் கோப்பையை வென்றதும் அவை அடங்கிப் போயின.

ஆனால், ஹாக்கி வீரர்கள் எங்கிருந்து வந்தனர், அந்த இடங்கள் என்ன ஆயின என்ற கேள்வி தில்லியில் அதிகம் கேட்கப்படுவதில்லை. இக்கேள்விக்கு ஒரு பதில், கர்நாடகத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழர்கள் பெரும்பான்மையாக வாழும் கோலார் தங்கவயலில் கிடைக்கிறது.

பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள இந்நகரம், ஆங்கிலேய நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880-ல் சுரங்கப் பொறுப்பை ஏற்றதிலிருந்து வளரத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வறுமையும் சாதிக் கொடுமையும் விரட்ட வந்தவர்களே இங்கு பூமிக்கு அடியில் இறங்கினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-லேயே இங்கு வந்து சேர்ந்துவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. ஒரு காலத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இங்கு பணிபுரிந்தனர்.

நிறுவனமே அனைத்தையும் நடத்திய ஊர் இது. வீடு, தண்ணீர், மருத்துவமனை ஆகியவற்றோடு விளையாட்டு மைதானமும் நிறுவனத்துடையதாகவே இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தனியாக கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன, தொழிலாளர்களுக்கு "லைன்' எனப்படும் நெருக்கமான குடியிருப்பு வரிசைகள்தான். ஆனால், மாலை நேர மைதானம் இந்த வேற்றுமையை ஓரளவுக்காவது குறைத்தது. கால்பந்து, ஹாக்கி, குத்துச்சண்டை ஆகிய மூன்றும் தங்கவயலில் வேரூன்றின. இயந்திரப் பிரிவுகளில் பணியாற்றிய ஆங்கிலோ இந்தியர்களிடமிருந்து ஹாக்கி மட்டை தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் கைக்கு வந்தது.

சுரங்கத்தில் முறை வைத்து வேலை நடக்கும். சங்கு ஊதியதும் ஒரு கூட்டம் மேலே வரும், மற்றொரு கூட்டம் கீழே இறங்கும். பகல் முறை முடிந்து வெளிச்சத்துக்கு வந்த தொழிலாளிக்கு மாலைப் பொழுது மிச்சமிருந்தது. விளையாடாதவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். பக்கத்து லைன் பையன் பந்தைக் கடத்திச் செல்வதைப் பார்த்தே அவர் ரசிகரானார். இன்று "ரசிகர்' என்றால் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவர் என்றே பொருளாகிவிட்டது.

நிறுவன ஊர்களின் கொடை: இந்திய ஹாக்கியின் பொற்காலம் என்று பேசும்போது தயான்சந்தின் மட்டையைப் பற்றிப் பேசுகிறோம். அவருக்குச் சம்பளம் கொடுத்தது ராணுவம் என்பதை மறந்துவிடுகிறோம். 4 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி 3 தங்கமும் 1 வெள்ளியும் வென்ற லெஸ்லி கிளாடியஸ், கரக்பூர் ரயில்வே மைதானத்தில் ஹாக்கிக்கு வந்தவர். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடிய சென்னையின் எம்.ஜே. கோபாலனுக்கு வாழ்க்கைப் பிடிப்பாக இருந்தது பர்மா ஷெல் நிறுவனத்தின் வேலை.

தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளையின் கதையும் இதுவே. புணே அருகே கிர்க்கியில் உள்ள பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். தந்தை மைதானப் பராமரிப்பாளர். உடைந்த மட்டைகளை ஒட்டவைத்து ஆடிப் பழகிய சிறுவன், 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடினார். 1998-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. சில வாரங்களிலேயே அவரும் வேறு சில வீரர்களும் அணியிலிருந்து நீக்கப்பட்டதை ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. தோற்ற அணியைக் கலைப்பது எங்கும் நடப்பது. வென்ற அணியைக் கலைத்தது அன்றைய ஹாக்கி சம்மேளனம்.

ஆங்கிலோ இந்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறியது மற்றொரு இழப்பு. ஜபல்பூரில் பிறந்த எரிக் பியர்ஸும் அவருடைய 4 சகோதரர்களும் ஆஸ்திரேலியாவில் குடியேறி அந்நாட்டு அணிக்காக ஆடினர். தங்கவயலிலிருந்தும் ஏராளமான ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றன. பிற்காலத்தில் அதே ஆஸ்திரேலியாவிடம் இந்தியா வாங்கிய அடிகளை நினைத்தால், இதை வெறும் குடிபெயர்வுக் கணக்காக மட்டும் பார்க்க முடியவில்லை.

மூடப்பட்ட சுரங்கம்: 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் தங்கவயலை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாக்கப்பட்டது. தங்கத்தின் அளவு குறைந்து, ஆழமும் செலவும் கூடின. உற்பத்திச் செலவு சந்தை விலையை விஞ்சியது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்ததாகக் கணக்கிடப்படும் சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன.

அதன் பிறகு நடந்தது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. நிலுவைத் தொகை, குடியிருப்பு உரிமை ஆகியவற்றுக்காக வழக்குகள் நீண்டன. சைனைடு கழிவு மேடுகளிலிருந்து காற்றில் புழுதி பறந்தது. வேலைக்காக பெங்களூர் ரயிலைப் பிடிப்பதே ஊரின் அன்றாட வாழ்க்கை ஆனது. மாரிகுப்பத்திலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு சென்று, இரவில் திரும்புகின்றனர்.

விளையாட்டைப் பொருத்தவரை, இந்த ரயில் பயணம்தான் சுரங்கம் மூடப்பட்டதன் மிகக் கொடிய விளைவு எனலாம். போக வர 4 மணி நேரத்தைத் தண்டவாளத்தில் கழிக்கும் இளைஞனுக்கு மாலை என்ற ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடி ஒரு ஹாக்கி அணியை உருவாக்க இயலாது. கல்லூரி மாணவர்கள் நிலையும் இதுதான். மேற்படிப்புக்கு பெங்களூர் செல்பவர்கள் அங்கேயே வேலை தேடி அங்கேயே தங்கிவிடுகின்றனர். உள்ளூர்க் கல்லூரி அணிக்கு ஆள் சேர்த்து, 3 ஆண்டுகள் ஒன்றாக வைத்திருந்து பழக்குவது எந்த உடற்பயிற்சி ஆசிரியருக்கும் எளிதல்ல. அவ்வாறு பழகியவர்களுக்கும் முன்பு போல சுரங்க நிறுவனத்தில் வேலை காத்திருக்கவில்லை. 1964-ல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். ஆலை ஒன்றுதான் ஊரில் மிஞ்சிய பெரிய பொதுத்துறை நிறுவனம்.

செயற்கைப் புல்லும் தண்ணீரும்: எனினும், தங்கவயல் போன்ற ஊர்கள் நலிந்ததால்தான் இந்திய ஹாக்கி வீழ்ந்தது என்று கூறுவது சரியாகாது. சுரங்கத்தில் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலத்திலேயே சரிவு தொடங்கிவிட்டது. 1975-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய இந்தியா, மறு ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் 7-வது இடம் பெற்றது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் நடைபெற்றது அதுவே முதல் முறை. 1980-ல் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் வென்ற தங்கம், பல வலுவான நாடுகள் புறக்கணித்த போட்டியில் கிடைத்தது. 1986 லண்டன் உலகக் கோப்பையில் 12 அணிகளில் 12-வது இடம்.

மண் தரையில் பந்தைக் கட்டுப்படுத்தும் நுணுக்கமே இந்திய ஆட்டத்தின் உயிர். செயற்கைத் தரையோ வேகத்தையும் உடல் வலுவையும் கேட்டது. அத்துடன், அத்தரையை அமைக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். சர்வதேச ஆட்டத்துக்கு முன்பு தரையை நனைக்கத் தண்ணீர் வேண்டும். வறட்சிக்குப் பெயர்போன கோலார் மாவட்டத்தில் ஏரிகளை நிரப்பவே, பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் 2018 முதல் கொண்டுவரப்படுகிறது. அங்கே மைதானத்துக்குத் தண்ணீர் கேட்பது யார், கொடுப்பது யார்?

கர்நாடகத்திலேயே குடகு மாவட்டம் வேறு வழியில் தப்பித்தது. 1997-ல் தொடங்கிய கொடவர் குடும்பங்களுக்கு இடையிலான ஹாக்கித் திருவிழா இன்று நூற்றுக்கணக்கான குடும்ப அணிகள் மோதும் போட்டியாக வளர்ந்துள்ளது. குடகில் நிலமும் குடும்பமும் ஹாக்கியைத் தாங்கின. தங்கவயலில் அதைத் தாங்கியது நிறுவனம் மட்டுமே; நிறுவனம் போனதும் பிடிமானம் போயிற்று.

தில்லி கண்ட தோல்விகள்: 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, 1928-க்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. பயிற்சியாளர் ஜோக்கிம் கர்வாலோ விலகினார். 1994 முதல் சம்மேளனத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் விலக மறுத்தார். வீரர் தேர்வுக்குப் பணம் பெற்றதாக சம்மேளனச் செயலர் மீது தொலைக்காட்சியில் புகார் வெளியாகி, அவர் பதவி விலகினார். ஏப்ரல் இறுதியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது.

2010 ஜனவரியில் ஊதிய நிலுவை கேட்டு புணே முகாமில் வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தனர். அடுத்த மாதமே தில்லி தயான்சந்த் மைதானத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானை 4-1 என்று வென்றது இந்தியா. அன்று பிப்ரவரி 28. தங்கவயல் மூடப்பட்டு சரியாக 9 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 8-வது இடமே கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதே மைதானத்தில், காமன்வெல்த் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 8-0 என்று வென்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய 6 ஆட்டங்களிலும் தோல்வி, கடைசி இடம்.

மீட்சி வந்த விதம் கவனிக்கத்தக்கது. 2018 முதல் ஒடிசா மாநில அரசு தேசிய அணிகளுக்கு நிதி ஆதரவு அளித்து வருகிறது. 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. 2024-ல் பாரிஸில் மீண்டும் வெண்கலம். 2023 உலகக் கோப்பையை நடத்திய ஊர்களில் ஒன்று, பொதுத்துறை உருக்காலையைச் சுற்றி வளர்ந்த ரூர்கேலா. அங்கே 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமரும் பிர்சா முண்டா மைதானம் கட்டப்பட்டது. திலீப் திர்கி, அமித் ரோஹிதாஸ் ஆகியோரைத் தந்த சுந்தர்கர் மாவட்டத்தின் ஊர் அது. அந்த உலகக் கோப்பையில் இந்தியா காலிறுதிக்குக்கூட முன்னேறவில்லை என்பதும், பயிற்சியாளர் கிரஹாம் ரீட் விலகினார் என்பதும் வேறு விஷயம். ரசிகர்களால் மைதானம் நிரம்பியது.

ரூர்கேலாவும் தங்கவயலும் ஒரே மத்திய அரசின் பொதுத்துறை ஊர்கள். ஒன்றில் உலை எரிகிறது, ஹாக்கி விடுதி நடக்கிறது. மற்றொன்றில் சுரங்க வாய்களில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. திரைப்படங்கள் வாயிலாக "கே.ஜி.எஃப்.' என்ற பெயர் நாடெங்கும் பரவியிருக்கிறது. பெங்களூர் ரயிலின் நெரிசல் குறையவில்லை.

தமிழகத்தின் நிலை சற்றுத் தேறியுள்ளது. 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் இந்தியா ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்றபோது, அரியலூரின் கார்த்தி செல்வம் அணியில் இருந்தார். 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. கோவில்பட்டியில் சிறுவர்கள் இன்றும் மட்டையுடன் மைதானத்துக்குச் செல்கின்றனர். எல்லைக்கு அப்பால் உள்ள தங்கவயல் தமிழர்கள் இவற்றில் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தமிழகத்துக்கு அவர்கள் வெளி மாநிலத்தவர். ஹாக்கிக்காக கர்நாடகம் பார்ப்பது குடகையும் பெங்களூரையும்தான்.

இதனிடையே, தங்கவயலில் உள்ள 13 கழிவு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுப்பதற்கு ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்த மேடுகள் பரவியுள்ள நிலம் மட்டும் ஆயிரம் ஏக்கருக்கும் அதிகம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வசமுள்ள மற்ற நிலங்களைப் பெற்றுத் தொழில் நகரம் அமைக்கவும் மாநில அரசு விரும்புகிறது. இது தொடர்பான கோப்புகள் தில்லியில் சுரங்கத் துறை அமைச்சகத்தில் உள்ளன. தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆடிய மைதானங்களும் அந்த நிறுவனத்தின் நிலங்களே. அவை தொழிற்கூட மனைகளாகுமா, மைதானங்களாகவே விடப்படுமா என்பதையும் அந்தக் கோப்புகளே முடிவு செய்யும்.