குப்பை வண்டி டெண்டரும் எங்க சித்தப்பாவும்: உள்ளூர்க்காரங்களுக்கு முன்னுரிமை கொடுத்தா போதுமா?

இந்த எபிசோட் எங்க ஊர் நெம்மேலியில ஆரம்பிக்குது. ஈசிஆர்ல மாமல்லபுரம் போறப்போ, கடல்நீரைக் குடிநீராக்குற ஆலையைப் பார்த்திருப்பீங்க. அங்க ரெண்டு ஆலை இருக்கு. 2013-ல திறந்தது ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில திறந்தது 15 கோடி லிட்டர். இந்த ரெண்டாவது ஆலைக்கு ஆன செலவு 1,500 கோடி ரூபாய்க்கு மேல. கடன் கொடுத்தது ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ வங்கி. கட்டுனதுல முக்கியமான கம்பெனி ஸ்பெயினைச் சேர்ந்த கோப்ரா. தண்ணி போறது சென்னைக்கு.

இதுல எனக்குக் குறை ஒன்னும் இல்ல. அந்த மாதிரி ஆலையை எங்க ஊர் பட்டறையில செய்ய முடியாது. ஆனா உள்ளாட்சி அமைப்புகள் வருஷம் பூரா வாங்குற பொருள் எல்லாம் அவ்வளவு பெருசு இல்லையே? குப்பை வண்டி, பள்ளிக்கூட பெஞ்சு, இரும்பு கேட். இதைச் செய்ய ஆள் இங்கேயே இருக்காங்க.

எங்க சித்தப்பா அதுல ஒருத்தர். சின்ன வெல்டிங் பட்டறை, மூணு பேர் வேலை. ஒரு உள்ளாட்சி அமைப்பு 600 தள்ளுவண்டிக்கு டெண்டர் விட்டப்போ, ஆன்லைன்ல ஃபார்ம் போட என்னைக் கூப்பிட்டார். தகுதிப் பக்கத்தைப் படிச்சேன். கடந்த மூணு வருஷமும் வருஷத்துக்கு 2 கோடி விற்றுமுதல் காட்டணுமாம்.

"சித்தப்பா, நீங்க எத்தனை வண்டி செய்வீங்க?"

"மாசத்துக்கு அம்பது செய்வேன்டா. ரெண்டு கோடிய நான் கண்ணால பார்த்ததே இல்ல."

லேப்டாப்பை மூடிட்டோம்.

சரி, அரசாங்கம் சின்ன தொழில்களுக்குச் சலுகை கொடுக்குதே, அது என்ன ஆச்சு? அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். மத்திய அரசோட 2012 கொள்முதல் ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருஷக் கொள்முதல்ல குறைஞ்சது 25% குறு, சிறு நிறுவனங்கள்கிட்ட வாங்கணும். முதல்ல 20%-ஆ இருந்தது, 2018-ல உயர்த்துனாங்க. அதுக்குள்ளேயே பெண்கள் நடத்துற நிறுவனங்களுக்கு 3%, எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு 4%.

கணக்கு இப்படித்தான். ஒரு பெரிய கம்பெனி 100 ரூபாய்னு கேட்டு எல்-1 ஆகுது, அதாவது அதுதான் குறைஞ்ச விலை. ஒரு சின்ன நிறுவனம் 112 கேட்டிருக்கு. வித்தியாசம் 15%-க்குள்ள இருக்குறதால, "100 ரூபாய்க்கே தர்றியா?"ன்னு அவங்ககிட்ட கேட்கணும். சரின்னா, ஆர்டர்ல 25% வரைக்கும் அவங்களுக்கு. அரசுக்கு ஒரு ரூபாய் கூட அதிகச் செலவு இல்ல. நல்ல லாஜிக்தான்.

ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு. ஒன்னு, இது உள்ளாட்சி அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. நம்ம ஊர்ல அவங்களுக்கு 1998-ம் வருஷத்து தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம்தான். ரெண்டு, 'சின்ன' நிறுவனம் வேற, 'உள்ளூர்' நிறுவனம் வேற. லூதியானாவுல இருக்குற சின்ன ஃபேக்டரிக்கும் இதே சலுகை உண்டு.

இதையெல்லாம் சரி பண்ணினாலும் சித்தப்பாவுக்கு என்ன கிடைக்கும்? ஒன்னும் கிடைக்காது. விலை சொல்ற இடத்துக்கே அவரால வர முடியல. சலுகை கொடுக்கறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திட்டாங்க.

இங்கிலாந்துல பிரெஸ்டன்னு ஒரு நகரம் இந்தக் கதவைத்தான் திறந்துச்சு. 2011-ல அங்க வர வேண்டிய பெரிய ஷாப்பிங் திட்டம் கைவிட்டுப் போச்சு. அப்புறம் நகராட்சியும், கல்லூரி, போலீஸ் மாதிரி அந்த வட்டாரத்து அமைப்புகளும் தங்களோட பணம் எங்க போகுதுன்னு பார்த்தாங்க. பள்ளி உணவுக்கான ஒரே பெரிய ஒப்பந்தத்தை தயிர், முட்டை, பால்னு தனித்தனியா பிரிச்சாங்க. உள்ளூர் பண்ணைக்காரங்க போட்டிக்கு வர முடிஞ்சுது. 2012-13-ல பிரெஸ்டனுக்குள்ள செலவான 3.8 கோடி பவுண்டு, 2016-17-ல 11.1 கோடி பவுண்டு ஆச்சு.

நமக்கும் இது புதுசு இல்ல. 1983-ல தொடங்குன இலவச வேட்டி சேலைத் திட்டத்தோட துணி, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள்ல நெய்து வர்றது. பொங்கலுக்குக் கொடுக்குற சேலைக்குப் பின்னாடி பல மாச நெசவு வேலை இருக்கு.

உள்ளூர்னு சொல்லி ஆளுங்கட்சிக்காரங்க, சொந்தக்காரங்களுக்கே ஆர்டர் போகாதான்னு கேட்பீங்க. போகலாம். வெறும் முகவரியைக் காட்டி, வெளியில வாங்கி விக்கிறவங்களும் வருவாங்க. அதனாலதான் விலைச் சலுகையை விட, டெண்டரைச் சின்னதா பிரிக்கிறது நல்லதுன்னு நினைக்கிறேன். 600 வண்டியை 50, 50-ஆ பிரிச்சா, போட்டியும் இருக்கும், தரத்தையும் பார்க்கலாம். அதிகாரிகளுக்கு வேலை கூடும், உண்மைதான்.

இன்னொன்னு, பணம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும், தாமதிச்சா ரிசர்வ் வங்கியோட வங்கி வட்டியைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டின்னு 2006 சட்டம் சொல்லுது. அந்தத் தள்ளுவண்டி ஆர்டர் கடைசியில ஒரு பெரிய கான்ட்ராக்டருக்குப் போச்சு. அவர் சித்தப்பாகிட்டயே 80 வண்டி செய்ய வெச்சார். பணம் வர ஏழு மாசம் ஆச்சு. "புகார் கொடுக்கலாமே சித்தப்பா"ன்னேன். "அடுத்த வேலை யார்டா தருவா?"ன்னார்.

வண்டியைச் செஞ்சது உள்ளூர்தான். லாபம் மட்டும் உள்ளூர்ல தங்கல.

உங்க ஏரியா டெண்டர் ஒன்னைத் தமிழ்நாடு டெண்டர் போர்ட்டல்ல திறந்து, தகுதிப் பக்கத்தை மட்டும் படிச்சுப் பாருங்க. உங்க தெருவுல இருக்குற பட்டறையால அதுல கலந்துக்க முடியுமா? முடியலைன்னா, அடுத்த கிராம சபையிலயோ, உங்க கவுன்சிலர்கிட்டயோ ஏன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!