வாடகைக்கு ஒரு சான்றிதழ்

பார்மஸி முடித்துவிட்டு வரும் குடிபாலா பக்கத்து இளைஞர்களுக்கு வேலைக்கு முன்பே ஒரு பேரம் காத்திருக்கிறது

பி.பார்ம். கடைசி செமஸ்டர் முடிவு வந்து, பார்மஸி கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்து எண் வாங்கிய கையோடு முதல் விசாரிப்பு வந்துவிடுகிறது. பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான். மாமாவின் நண்பர், மருந்து மொத்த வியாபாரி, கல்லூரி சீனியர் என்று யாராவது ஒருவர். புதிதாக ஒரு மெடிக்கல் ஷாப் திறக்கப்போகிறார்கள், மருந்தாளுநர் வேண்டும் என்பார். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டால் சிரிப்பார். வரவே வேண்டாம். சான்றிதழும் நாலு இடத்தில் கையெழுத்தும் போதும். மாதா மாதம் சில ஆயிரம் ரூபாய் வீடு தேடி வந்துவிடும்.

இந்த வாடகைச் சந்தைக்கு ஆதாரமே சட்டம்தான் என்பது வேடிக்கை. 1948-ஆம் ஆண்டின் பார்மஸி சட்டம், 42-ஆவது பிரிவின்படி டாக்டரின் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உண்டு. சில்லறை மருந்துக் கடைக்கு உரிமம் வாங்கக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், குளிர்சாதனப் பெட்டி வேண்டும், ஒரு மருந்தாளுநர் வேண்டும். முதல் இரண்டும் காசு கொடுத்தால் கிடைக்கும். மூன்றாவதையும் அப்படியே வாங்கலாம் என்று நாட்டின் பல பகுதிகளில் கடைக்காரர்கள் கண்டுபிடித்துப் பல வருடங்களாகிவிட்டன. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும். கவுண்டரில் பத்தாவது படித்த பையன் நிற்பான். சட்டத்துக்குள் இருக்கும் பெயருக்கு உரியவர் ஐதராபாத்தில் ஏதாவது தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது கல்யாணமாகி பெங்களூரில் குடியிருப்பார்.

சித்தூரிலிருந்து வேலூருக்கு சுமார் 35 கிலோமீட்டர். அந்தச் சாலையில், ஆந்திரம் முடியப்போகும் இடத்தில் இருக்கிறது குடிபாலா. கரும்பு, மாம்பழம், கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் தோத்தாபுரி லாரிகள், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள். 1953 வரை இதெல்லாம் சென்னை ராஜ்யம். ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. 1960 எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது, குடிபாலா திரும்பவில்லை. ஆனால் உடம்புக்கு வந்தால் இந்த ஊர் என்றைக்கும் பார்ப்பது வேலூரைத்தான். ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இப்போது குடிபாலா மண்டலத்துக்குள்ளேயே, ராமாபுரம் பக்கம், ஒரு வளாகம் வைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியின் நிழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பு எட்டாமல் போகும்போது அடுத்துக் கண்ணில் படுவது பார்மஸி. சித்தூரிலும் திருப்பதியிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பெண்களுக்கென்றே 1983-இல் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் பார்மஸி உண்டு. ராஜசேகர ரெட்டி முதல்வராக இருந்த காலத்தில் விரிவடைந்த கட்டணத் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் பலரைத் தொழிற்கல்லூரி வாசலுக்குக் கொண்டு வந்தது. நாலு வருடம், எட்டு செமஸ்டர். அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பமாகிறது.

மறுக்க மனம் வராத பேரம்தான் அது. கல்விக் கடன் வாங்கியவர்களுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். தனியார் கடையில் நாள் முழுக்க நின்றால் கிடைக்கும் தொடக்கச் சம்பளமோ பல இடங்களில் சித்தாள் கூலியைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு தொகை வந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று பெற்றோரே கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்பப்படாத பெண்களின் விஷயத்தில் பேச்சே எழாது. சான்றிதழ் புகுந்த வீட்டுக்கு வருமானம் தரும் ஒரு காணித் துண்டு மாதிரி ஆகிவிடுகிறது. வாங்கியவர் அந்தப் படிப்பை ஒரு நாள்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

கெட்டுப்போவது நிறைய. பதிவு பெறாதவர் மருந்து கொடுத்தால் முன்பு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் சிறையை 3 மாதமாகக் குறைத்து, அபராதத்தை 2 லட்சம் ரூபாய் வரை ஏற்றிவிட்டது. கடைக்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டு வேறு பெயரில் கடை நடத்தலாம். பெயரைக் கொடுத்தவருக்கு அந்த வசதி கிடையாது. தொழில் ஒழுக்கம் தவறியதாகத் தெரிந்தால் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. நாலு வருடப் படிப்பு அத்தோடு சரி. அதுவரை கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் ஒரு கடையின் உரிமத்தில் சிக்கிய பெயரை வைத்துக்கொண்டு இன்னொரு கடையில் நேர்மையாக வேலைக்குச் சேர முடியாது. முதல் கடைக்காரர் விடுவித்தால்தான் உண்டு. அவர் ஏன் அவசரப்படப்போகிறார்?

ஆனால் பெரிய ஆபத்து கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையையே எடுத்துக்கொள்ளலாம். முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போகலாம். உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் பதிவான தவறு இது. சீட்டை வாங்கி மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பையனுக்கு அது இன்னொரு மஞ்சள் மாத்திரை. படித்தவர் அங்கே நின்றிருந்தால் அட்டையின் மேல் எந்தக் கிழமை என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருப்பார். கடைக்கு மருந்தாளுநர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு கிழமை போதும்.

பேரத்தை மறுத்துவிட்டுக் கவுண்டரில் நிற்கப் போகிறவர்களுக்கு வேறு அதிர்ச்சிகள். பட்டப் படிப்பில் ஆறாவது செமஸ்டருக்குப் பிறகு 150 மணி நேரப் பயிற்சி போதும். டிப்ளமோ படித்தவருக்கோ 500 மணி நேரம் மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ கட்டாயம். ஆகவே கடையில் டிப்ளமோக்காரர் சட்டென்று ஒட்டிக்கொள்கிறார், பட்டதாரி விழிக்கிறார். கல்லூரியில் படித்தது பாராசிட்டமால். சீட்டில் இருப்பது டோலோ, கால்பால், இன்னும் வாயில் நுழையாத பத்துப் பெயர்கள். முதல் மூன்று மாதம் அலமாரியைப் படிப்பதிலேயே போய்விடும். அட்டையை வெட்டுவதுகூட ஒரு வித்தை. நாலு மாத்திரை கேட்பவருக்கு, காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் மிச்ச அட்டையோடு இருக்கும்படி வெட்ட வேண்டும். இதைப் பாடப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. சீனியர் பையன்தான் குரு.

இல்லை என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சைம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், டிராமடால், தூக்க மாத்திரைகள் எல்லாம் அதில் வரும். சீட்டு இல்லாமல் தரக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பக்கத்துத் தெரு பெரியவர் வந்து, போன முறை சாப்பிட்ட அதே மாத்திரை, மூன்றே மூன்று கொடு தம்பி என்பார். சீட்டு கேட்டால் கோபித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விடுவார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். புதிதாக வந்தவர் எத்தனை வாரம் சீட்டு கேட்கிறார் என்பதில் கடையின் குணம் தெரிந்துவிடும்.

எல்லை ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பார்மஸி பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. சித்தூரில் படித்து ஆந்திரக் கவுன்சிலில் பதிந்தவர், அரைமணிக்கு மேல் பஸ்ஸில் போனால் வந்துவிடும் வேலூரில் வேலை பார்க்க வேண்டுமானால் தமிழ்நாடு பார்மஸி கவுன்சிலுக்குப் பதிவை மாற்ற வேண்டும். படிப்பு ஒன்றே, மருந்து ஒன்றே, சட்டமும் மத்திய சட்டமே. இருந்தாலும் விண்ணப்பம், கட்டணம், பழைய கவுன்சிலின் ஒப்புதல், காத்திருப்பு. அந்த இடைவெளியில்தான் சான்றிதழை வாடகைக்குக் கேட்பவர் இரண்டாவது முறை போன் செய்வார்.

மாற்றிக்கொண்டு போனவர்களுக்கு வேலூர் வேறு உலகம். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, எல்லை தாண்டி பங்களாதேஷ் என்று நோயாளிகள் ரயில் ரயிலாக வந்து லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சித்தூர் கடையில் 'பரகடுப்பு' என்றால் வெறும் வயிறு. வேலூரில் 'காபார் ஆகே' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'காபார் பொரே' என்றால் பின். தமிழ், தெலுங்கு இரண்டும் வீட்டிலேயே கிடைத்த குடிபாலா பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது.

ஊருக்குத் திரும்பினால் பதவி உயர்வு தயார். டாக்டருக்குப் படித்திருக்கிறான் என்றே தெருவில் பேச்சு. அது இல்லை என்று விளக்கிக் களைத்துப்போன பிறகு, உறவினர்கள் பிளாஸ்டிக் பையில் மாத்திரைகளைக் கொட்டிக்கொண்டு வருவார்கள். வேலூர் டாக்டர் கொடுத்தது, சித்தூர் டாக்டர் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் சிபாரிசு செய்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு பெயரில் ஒரே மெட்பார்மின் இருக்கும், பாட்டி இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். திண்ணையில் நடக்கும் இந்தச் சோதனைக்குச் சம்பளம் கிடையாது. நாலு வருடம் படித்ததற்கு உருப்படியான முதல் பயன் பலருக்கு அங்கேதான் கிடைக்கிறது.

கவுண்டரே வேண்டாம் என்பவர்களுக்கு ஐதராபாத் பஸ் இருக்கிறது. 1960-களில் பொதுத்துறை ஐ.டி.பி.எல். அங்கே மருந்துத் தொழிற்சாலை அமைத்தது. அதில் வேலை பார்த்த அஞ்சி ரெட்டி பின்னால் 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்படி வளர்ந்த நகரம் இன்று மருந்து உற்பத்தியின் தலைநகரங்களில் ஒன்று. உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, ஆவணம் என்று மூன்று ஷிப்டிலும் வேலை. தலை முதல் கால் வரை மூடிய உடை, மணிக்கு மணி பதிவு. எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பது அங்கே வேதவாக்கு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் வந்தால் ஒரு விடுபட்ட கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. பயமும் உண்டு. 2024 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் பக்கம் அச்சுதாபுரத்தில் நடந்த மருந்து ஆலை விபத்தில் 17 பேர் இறந்தார்கள். அந்த வாரம் சித்தூர் மாவட்டத்து வீடுகளிலும் போன் ஓயாமல் அடித்திருக்கும்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வேலைக்குப் பார்மஸி பட்டம் கட்டாயம் இல்லை, ஆனால் வாய் உள்ளவர்கள் அதில் பிழைத்துக்கொள்கிறார்கள். டை, பை, டாக்டர் அறை வாசலில் தவம், மாதக் கடைசியில் இலக்கு. அரசு வேலைக்கோ வரிசை நீளம். தமிழகத்தில் 2022-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 889 மருந்தாளுநர் இடங்களை அறிவித்தபோது தொடக்கச் சம்பளம் 35,400 ரூபாய். தனியார் கவுண்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பித்ததில் ஆச்சரியமில்லை.

சொந்தக் கடை என்ற கனவு மட்டும் எல்லோருக்கும் பொது. கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரரின் லாபம் 16 சதவீதம், மற்றவற்றுக்கு வழக்கமாக 20. அதிலும் எதிர்க் கடை 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் இவரும் கொடுத்தாக வேண்டும். ஆன்லைனில் அதற்கு மேலும் கிடைக்கிறது. இந்த நெருக்கடியில் அரசுத் திட்டங்கள் கொஞ்சம் ஆறுதல். 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் ஜன் அவுஷதி கடைகள் 2025 தொடக்கத்தில் 15,000-ஐ எட்டின. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அதில் பி.பார்ம்., டி.பார்ம். படித்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் உதவி, பாதி ரொக்கம், பாதி மருந்து.

கடை கிடைத்த பிறகு ஒரு விஷயம் புரியும். பட்டமும் முதலாளியும் ஒரே ஆள் என்றால் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் அங்கே இருந்தாக வேண்டும். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்து. ஞாயிறு பாதி நாள். திருப்பதியில் தங்கை கல்யாணம் என்றால் இரண்டு நாள் கடையைப் பூட்ட வேண்டும், வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போவார். அல்லது பதிவு பெற்ற இன்னொருவரைச் சம்பளம் கொடுத்து நிற்க வைக்க வேண்டும், அதற்கு வருமானம் கட்டாது. மிச்சமிருக்கும் வழி, சாவியைப் பத்தாவது படித்த பையனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவது. ஐந்து வருடம் முன்பு வாடகை பேச வந்தவரைத் திருப்பி அனுப்பியவர்களும் முகூர்த்த மாதங்களில் அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள்.