சிறு மோட்டரும் அதனை ஆளும் பலகையும்

பொம்மைக் காரினுள்ளே சுழலும் சிறு மின்மோட்டர் யாவரும் அறிந்த பொருள். பற்றரியோடு இணைத்தால் சுழலும்; இணைப்பை எடுத்தால் நிற்கும். அதனை வேண்டிய நேரத்தில், வேண்டிய வேகத்தில், வேண்டிய திசையில் சுழலச் செய்வது எங்ஙனம் என்பதே ஈண்டு விளக்கப்படுவது.

இதன்பொருட்டு இக்கால மாணவர் பெரிதும் கைக்கொள்வது ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகையாகும். மின்னியல் கல்லாதவரும் கையாளத்தக்கதாக, 2005ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் அது உருவாக்கப்பட்டது. அந்நகரிலிருந்த மதுச்சாலையொன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. மதுச்சாலையோ ஆயிரம் ஆண்டுகளின் முன் இத்தாலியில் அரசாண்ட ஆர்டுயின் மன்னனின் பெயரைத் தாங்கியது. மன்னன் பெயர் பலகைக்கு வந்தது ஒருவகையிற் பொருத்தமே. அதுவும் கட்டளையிட வல்லதேயன்றிச் சுமை சுமக்க வல்லதன்று.

இவ்வுண்மையை அறியாதார் முதலிற் செய்வது, மோட்டரின் இரு கம்பிகளையும் நேரே பலகையிற் செருகுவதாகும். 2010இல் வெளிவந்த ஊனோ என்னும் வகையில், ஒவ்வொரு முனையும் 5 வோல்ற்றில் 20 மில்லியம்பியர் வரை இடரின்றி வழங்கும். 40 மில்லியம்பியர் அதன் இறுதி எல்லை. பொம்மை மோட்டரோ சுமையின்றிச் சுழலும்போதே பெரும்பாலும் 100 மில்லியம்பியருக்கு மேல் இழுக்கும். பல நாட் சேமித்து வாங்கிய பலகையின் முனை சத்தமின்றிக் கருகிப்போக, மாணவனோ தான் எழுதிய நிரலிலேதான் பிழையுள்ளதென்று எண்ணி, அதனைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பான்.

மோட்டர் மிகுதியான மின்னோட்டத்தை இழுப்பது வேகமாகச் சுழலும்போதன்று, அசையாது நிற்கும்போதே என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். காந்தப் புலத்திலே சுழலும் சுருள் தானும் ஒரு மின்பிறப்பாக்கியாகி, பற்றரியை எதிர்க்கும் மின்னியக்க விசையைத் தோற்றுவிக்கின்றது. வேகம் கூடக் கூட எதிர்ப்புங் கூடி, மின்னோட்டம் குறைகின்றது. அச்சைக் கையாற் பிடித்து நிறுத்தினால் அவ்வெதிர்ப்பு அற்றுப்போகும், கம்பியின் சிறு தடையொன்றே எஞ்சும், மின்னோட்டம் பன்மடங்காகும். ஆதலின், மோட்டருக்கு உரிய உறுப்புகளைத் தெரிவு செய்வோர், அது நிற்கும்போது இழுக்கும் அளவையே கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இனி, கட்டளையையும் உழைப்பையும் பிரிக்கும் வழி யாது? குளத்துத் துருசை ஒருவர் தம் கையால் திறக்க, ஒரு வயல்வெளிக்கே நீர் பாய்கின்றதன்றோ? அத்துருசின் தொழிலைத் திரான்சிஸ்டர் செய்கின்றது. 2என்2222ஏ என்னும் மலிவான வகை இதற்குப் போதும். மோட்டருக்கு வேறொரு பற்றரியை அமைத்து, அதன் மின்னோட்டத்தைத் திரான்சிஸ்டரின் வழியே செலுத்துதல் வேண்டும். பலகையின் முனையை 270 ஓம் தடையியொன்றின் ஊடாகத் திரான்சிஸ்டரின் ‘அடி’ முனையுடன் இணைத்தால், அங்கே செல்வது ஏறத்தாழ 16 மில்லியம்பியரே. பலகையின் மறை முனையும் பற்றரியின் மறை முனையும் ஒன்றாக இணைக்கப்பட்டிருத்தல் அவசியம். மோட்டர் அசையவில்லையென வருந்துவோர் முதலிற் பார்க்கவேண்டியது இந்த ஒரு கம்பியையே.

இத்துடன் வேலை முடிந்ததென எண்ணுவோர் திரான்சிஸ்டரை இழப்பர். மோட்டரின் சுருள், தன்னூடே செல்லும் மின்னோட்டம் திடீரென அறுபடுவதை ஏற்பதில்லை. காந்தப் புலம் சரியும்போது எழும் வோல்ற்றளவு, பற்றரியினதைப் போன்று பல மடங்காக உயரலாம். அத்திரான்சிஸ்டர் தாங்குவதோ 40 வோல்ற்றளவே. எனவே, கடைக்காரர் டயோட்டு என்று கூறும் இருவாயியொன்றை, 1என்4001 போன்றதை, மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்தல் வேண்டும். அதன் உடலிலுள்ள வெள்ளைக் கோடு பற்றரியின் நேர் முனைப் பக்கம் இருத்தல் வேண்டும். அப்போது அறுபட்ட மின்னோட்டம் அதன்வழியே சுற்றிவந்து தணிந்துவிடும். மாறி இணைத்தாலோ, திரான்சிஸ்டர் திறந்த கணத்திலேயே குறுஞ்சுற்றாகிவிடும்.

வேகத்தைக் குறைக்கப் பலகை செய்வது ஓர் எளிய தந்திரமே. குயவன் திகிரியைக் கோலாற் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுகின்றான்; திகிரி தன் கனத்தினாலே தொடர்ந்து சுழல்கின்றது. அதுபோலவே பலகையும் செக்கனுக்கு ஏறத்தாழ 490 தடவை மின்னை விட்டு நிறுத்துகின்றது. விடும் நேரம் நீண்டால் வேகங் கூடும், குறுகினாற் குறையும். நிரலில் 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் இது குறிக்கப்படும். 128 என்றால் பாதி நேரம். பாதி நேரமென்பது திட்டமாகப் பாதி வேகமாகாது. சுமைக்கேற்ப அது மாறும்.

திசையை மாற்ற நான்கு ஆளிகள் வேண்டும். அவற்றைத் தனித்தனியே அமைத்து இடர்ப்படுவதிலும், எல்293டி என்னும் ஒரே சில்லை வாங்குதல் நன்று. அது இரு மோட்டர்களை முன்னும் பின்னும் சுழற்றும். இருவாயிகளும் அதனுள்ளேயே உள்ளன. ஆயினும் ஒவ்வொரு வழிக்கும் 600 மில்லியம்பியரே அதன் தொடர் எல்லை.

எண் மிகச் சிறிதாயின் மோட்டர் சுழலாது, மெல்ல ரீங்காரமிடும். அச்சின் உராய்வை வெல்லப் போதிய விசை அதற்குக் கிட்டவில்லை என்பதே பொருள். அதனை அப்படியே விட்டுவைத்தாற் சுருள் வீணே சூடாகும். தொடக்கத்தில் ஒரு கணம் 255ஐக் கொடுத்து, சுழலத் தொடங்கியபின் வேண்டிய எண்ணுக்கு இறக்கிக்கொள்ளலாம்.